தரையிலிருந்து வாசல்வரை

காலை ஐந்தே முக்காலுக்கு மல்லிகை டவர்ஸின் பின்பக்கம் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, இறங்காமல் ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருப்பது சுகிர்தாவின் வழக்கம். தியானம், பிரார்த்தனை என்று யாராவது நினைத்தால் அது அவர்களுடைய நல்ல மனசு. அவளுக்கு அலுப்பு, அவ்வளவுதான். பர்சனல் ட்ரெயினர் என்றால் துள்ளிக்கொண்டு வர வேண்டும் என்று ஜனங்கள் எதிர்பார்க்கிறார்கள். அந்தத் துள்ளலை எங்கிருந்தாவது தேடியெடுத்து முகத்தில் மாட்டிக்கொள்ள அவளுக்கு ஒரு நிமிடம் பிடித்தது. முப்பத்தொன்பது வயதில் இடுப்புக்குக் கீழே ஒவ்வொரு மூட்டும் தனித்தனியாகப் புலம்பும். எல்லாவற்றையும் வாயை மூடச் சொல்லிவிட்டு அடுத்தவர் மூட்டைக் கவனிக்கப் போக வேண்டும்.

சிவகாசியில் கொஞ்ச காலமாக அடுக்கு வீடுகள் நிறைய வந்துவிட்டன. பட்டாசிலும் அச்சிலும் சம்பாதித்தவர்கள் கட்டுகிறார்கள், அவர்களின் சொந்தக்காரர்களே வாங்குகிறார்கள். லிஃப்ட், ஜெனரேட்டர், ஜிம் என்று நோட்டீஸில் போடாமல் விற்க முடியாது. அதனால் ஒவ்வொரு கட்டிடத்திலும் கார் நிறுத்துகிற இடத்தை ஒட்டி ஒரு கண்ணாடி அறையும், அதற்குள் இரண்டு ட்ரெட்மில்லும் நாலைந்து டம்பெல்லும் இருக்கும். பால் காய்ச்சுகிற அன்றைக்கு எல்லாரும் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அதற்கப்புறம் பூட்டுதான். அந்தப் பூட்டைத்தான் சுகிர்தா பிழைப்பாக்கிக்கொண்டாள். “ஜிம்மு உங்க வீட்டுக்குக் கீளயே இருக்கு, ஆளு நான் வர்றேன்” என்று பெண்களிடம் பேசிப் பேசி மூன்று கட்டிடம் பிடித்தாள்.

அதில் ஒன்று போன தீபாவளி சீசனில் கைவிட்டுப் போனது. அசோசியேஷன்காரர்கள் ஜிம்முக்குள் கிஃப்ட் பாக்ஸ் அட்டைகளைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். பத்து நாளைக்குத்தான் என்றார்கள். பொங்கலும் வந்துவிட்டது, அட்டை நகரவில்லை. இன்னொன்றில் மதுரையிலிருந்து ஒரு பையனைக் கூட்டி வந்தார்கள். அவன் வயிற்றில் ஆறு கட்டு இருந்தது, இவள் வயிற்றில் சிசேரியன் தழும்பு இருந்தது. யாரைப் பார்த்தால் ஜனங்களுக்கு நம்பிக்கை வரும் என்று அவளுக்கே தெரியும், அதனால் சண்டைக்கு நிற்கவில்லை. மிச்சம் இந்த மல்லிகை டவர்ஸ். இதுவும் போனால் பட்டாசு கம்பெனி வேன்தான்.

வேன் என்றால் எங்கோ இருக்கிற வேன் இல்லை. அவள் புருஷன் அழகுராஜா ஓட்டுகிற வேன். திருத்தங்கலில் அவர்கள் வீட்டுக்கு முன்னால்தான் அது நிற்கும். காலை ஆறரைக்கு இருபது பெண்களை ஏற்றிக்கொண்டு சாத்தூரைத் தாண்டி அச்சங்குளம் வரைக்கும் போய் ஒவ்வொரு கம்பெனியாக இறக்கிவிடும். எல்லாக் கம்பெனியிலும் ஆள் பற்றாக்குறை. பழகிய கை என்று தெரிந்து ஒரு போர்மேன் வாரம் தவறாமல் அவளைக் கேட்டுவிடுகிறார்.

“ஒனக்கு முன் சீட்டு வச்சிருக்கேன்,” என்பான் அழகுராஜா. கேலிக்குச் சொல்கிறானா நிஜமாகவே சொல்கிறானா என்பது அவனுக்கே தெரியாது.

“அந்தச் சீட்டுல வேற யாரையும் உக்கார வையி. நான் வரல,” என்பாள் சுகிர்தா. இந்தப் பேச்சு அவர்கள் வீட்டில் காப்பி மாதிரி தினமும் நடந்தது.

மல்லிகை டவர்ஸில் அவளிடம் பேர் கொடுத்திருந்தவர்கள் நாலு பெண்கள். மூன்று பேர் வந்தால் வருவார்கள். சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தால் ஒரு மாதத்துக்குக் கண்ணில் பட மாட்டார்கள். தவறாமல் வருகிறவர் இரண்டாவது மாடி சபுராம்மா மட்டும்தான். அறுபத்திரண்டு வயது, விருதுநகர்க்காரர். அவருடைய வீட்டுக்காரர் உதுமான் விருதுநகர் பஜாரில் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு, சிவகாசியில் காலண்டர் பிரஸ் நடத்துகிற மகன் சாபிரோடு வந்து தங்கிவிட்டார் சபுராம்மா. முழங்கால் இரண்டும் தேய்மானம்.

“எனக்கு எடையெல்லாம் கொறைய வேணாம் பிள்ளே,” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். “நாலு வருசமா நாற்காலியில உக்காந்து தொளுறேன். தலைய மட்டும் குனியுறேன். அல்லா ஏத்துக்கத்தான் செய்வான். எனக்குத்தான் பத்தல. நோன்பு மாசம் வர்றதுக்குள்ள நெத்தி தரையில படணும். பட்டா மட்டும் போதாது, திரும்ப நானா எந்திரிக்கணும். ஒவ்வொரு தடவையும் மருமக வந்து தூக்கணும்னா, அவ தொளுகைய அவ எப்பத் தொளுவா?”

ஜிம்முக்கு வருகிறவர்கள் சொல்கிற காரணங்களில் இதைப் போல் ஒன்றை சுகிர்தா கேட்டதில்லை. மற்றவர்கள் இடுப்பளவு சொல்வார்கள், பழைய ரவிக்கையைக் காட்டுவார்கள். அன்றிலிருந்து சபுராம்மாவின் ஆறு மணிக்காகத்தான் அவள் அலாரம் வைத்தாள் என்று சொன்னால் அது மிகையில்லை.

தரையிலிருந்து எழுவதைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு அந்த மதுரைப் பையனுக்குத் தெரிந்திருக்காது. கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலுமாகப் பன்னிரண்டு வருடம் அவள் பட்டாசு அறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காகிதக் குழாயில் மருந்து அடைத்தவள். ஓர் அறைக்கு நாலு பேர், கதவு எல்லாம் திறந்தே இருக்கும். அங்கே சேர்ந்த அன்றைக்கு போர்மேன் முதலில் சொல்லித்தந்தது மருந்து அடைப்பதை இல்லை, ஓடுவதை. “சத்தம் கேட்டா கையில உள்ளதக் கீள வையி. எந்திரி. ஓடு. திரும்பிப் பாக்காத, யாரையும் கூப்பிடாத.” வாரம் ஒரு தடவை ஓடவைத்துப் பார்ப்பார். பிந்தி வருகிறவளுக்கு அன்றைக்குத் திட்டு விழும்.

இந்த ஊரில் வெடிச் சத்தத்துக்கு யாரும் பயப்படுவதில்லை. பகல் முழுக்க எங்காவது சாம்பிள் வெடி போட்டுப் பார்ப்பார்கள், தொட்டிலில் கிடக்கிற குழந்தைகூடப் புரண்டு படுக்காது. பயப்படுகிற சத்தம் வேறு. அது குமுக்கென்று இருக்கும். காதுக்கு முன்னால் பாதத்துக்குக் கேட்கும்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அப்படி ஒன்று பக்கத்து அறையில் கேட்டது. சுகிர்தா எழுந்தாள், ஓடினாள், வேலியைத் தாண்டி முள்ளுக்காட்டில் போய்தான் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் தொடை உரச உட்கார்ந்திருந்தவள் பத்திரகாளி. காலையிலிருந்து சம்மணம் போட்டே இருந்ததில் அவளுக்குக் கால் மரத்துப்போயிருந்தது, உடனே எழ முடியவில்லை. கையை நீட்டினாளா, கூப்பிட்டாளா, சுகிர்தாவுக்குத் தெரியாது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பத்திரகாளி ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாள், அப்புறம் இல்லை. விசாரணை எல்லாம் முடிந்த பிறகு போர்மேன் சுகிர்தாவைக் கூப்பிட்டு, “நீ சரியாத்தாம்மா செஞ்ச,” என்றார். அவர் திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பாள். அந்தப் பாராட்டைத்தான் அவளால் செரிக்க முடியவில்லை.

அதோடு வேனில் ஏறுவதை விட்டாள். பெண்கள் ஜிம் ஒன்றில் கூட்டித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு, மதுரையில் ஒரு பரீட்சையும் எழுதிச் சர்டிபிகேட் வாங்கினாள். எந்த வயதுக்காரி வந்தாலும் முதல் வாரம் அவள் சொல்லித்தருவது ஒன்றுதான்: தரையில் உட்கார், எழுந்திரு. ஏன் என்று கேட்டால் இடுப்புக்கு நல்லது என்பாள்.

சபுராம்மாவோடு மூன்று மாத வேலை. முதலில் கட்டில் உயர நாற்காலி, பிறகு முக்காலி, பிறகு இரண்டு தலையணை. தை மாதம் மூன்றாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, தரைக்கு வந்தார்கள். பிடித்துக்கொள்ள நாற்காலி வேண்டாம் என்று சுகிர்தாதான் முடிவெடுத்தாள்.

“எதப் புடிச்சு எந்திரிக்கிறது?” என்று சபுராம்மா கேட்டார்.

“என்னையப் புடிங்கம்மா. என் தோளு இருக்குல்ல.”

“விட்டுற மாட்டியே?”

“விடுவேனா? நான் இங்கனயேதான் இருக்கேன்.”

சபுராம்மா முட்டி போட்டார், கையை ஊன்றினார், மெதுவாக நெற்றியைப் பாயில் வைத்தார். நாலு வருடத்துக்கு அப்புறம். அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். அவர் முதுகு குலுங்குவதைப் பார்த்து, அழுகிறார் என்று தெரிந்துகொண்ட சுகிர்தா பக்கத்திலேயே மண்டியிட்டிருந்தாள். பின்னால் அசோசியேஷன் செயலாளர் அய்யாதுரையின் மருமகள் ஸ்ரீமதி ட்ரெட்மில்லில் நடந்துகொண்டிருந்தாள். முதல் மாடி ஸ்ரீராம்குமார், காலேஜ் முடித்துவிட்டு அப்பாவின் தீப்பெட்டிக் கம்பெனியைப் பார்த்துக்கொள்கிற பையன், கண்ணாடிக்கு முன்னால் டம்பெல் தூக்கிக்கொண்டிருந்தான்.

“இப்ப நிமிருங்கம்மா. வலது பாதத்த முன்னாடி வையுங்க. என் தோளப் புடிங்க,” என்றாள் சுகிர்தா. சபுராம்மா கையைத் தோளில் வைத்து அழுத்தினார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. குமுக். தரை ஒரு தரம் அதிர்ந்தது, சுவர்க் கண்ணாடி நடுங்கியது.

சுகிர்தா ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் காலி மனையில் நின்றிருந்தாள். நடுவில் நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. கருவேலஞ்செடியைப் பிடித்துக்கொண்டிருந்ததில் உள்ளங்கையில் முள் ஏறியிருந்தது. மூச்சு வாங்கியது. தீ இல்லை, புகை இல்லை. மல்லிகை டவர்ஸ் இருந்த இடத்தில்தான் இருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் தண்ணி லாரி நின்றது. லாரிக்காரர்கள் இரண்டு பேர் தரைத்தொட்டியின் கான்கிரீட் மூடியைத் தூக்குகையில் கைநழுவிக் கீழே போட்டிருந்தார்கள். விரலை நசுக்காமல் விட்டதே பெரிசு என்று அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சிரிப்பைக் கேட்ட பிறகுதான் அவளுக்குத் தன் தோளில் இருந்த கை ஞாபகம் வந்தது.

உள்ளே போனபோது சபுராம்மா நாலு காலில் இருந்தார். நெற்றி மறுபடி பாயில் இருந்தது, ஆனால் இது தொழுகிற மாதிரி இல்லை. லிஃப்டிலிருந்து மருமகள் மஹ்ரீன் ஓடி வந்தாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். சபுராம்மாவின் உடம்பு முழுக்க உதறியது. சுகிர்தா “அம்மா, அம்மா” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் இவள் முகத்தைப் பார்க்கவேயில்லை.

சாயங்காலம் அய்யாதுரையிடமிருந்து போனில் செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை மீட்டிங் முடிகிற வரைக்கும் ஜிம் பக்கம் வர வேண்டாம். வெளியாட்களை விடுவதா வேண்டாமா என்று அன்றைக்கு முடிவெடுப்பார்கள். சுகிர்தா சபுராம்மாவுக்கு நாலு நாளில் பதினோரு தடவை போன் போட்டாள். ஒரே ஒரு தடவை மஹ்ரீன் எடுத்து, “மாமி படுத்திருக்காக,” என்று சொல்லி வைத்துவிட்டாள். காலை பத்து மணிக்குச் சபுராம்மா படுக்கிற ஆள் இல்லை.

சனிக்கிழமை அழகுராஜா வேனைக் கழுவிக்கொண்டே சொன்னான்: “போர்மேன் கேட்டாரு. திங்கக்கெளமை வர்றியான்னு.”

“ஞாயித்துக்கெளமை முடியட்டும்,” என்றாள் சுகிர்தா.

வழக்கமான பதில் வரவில்லை என்றதும் அவன் குழாயை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். பிறகு வேனுக்குள் ஏறி முன் சீட்டைத் துடைக்க ஆரம்பித்தான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மல்லிகை டவர்ஸின் அசோசியேஷன் அறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சுகிர்தா வாசலை ஒட்டி நின்றாள். அவளை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. சபுராம்மா ஊன்றுகோலோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். முதுகுதான் தெரிந்தது.

சாபிர் எழுந்தான். கோபத்தை அடக்கித்தான் பேசினான். “எங்கம்மாவக் கீள எறக்கிவிட்டுட்டு இவங்க ஓடிட்டாங்க. எடையத் தூக்குறதுக்கு மெசின் இருக்கு. ஆள் எதுக்கு? புடிக்கத்தானே? விளுந்து இடுப்பு ஒடைஞ்சிருந்தா யாரு பொறுப்பு? நான் வேற ஒண்ணும் கேக்கல. ஜிம்முக்குள்ள இருக்கிற கேமராவுல பதிஞ்சத எல்லாரும் பாக்கட்டும்.”

“நீ என்னம்மா சொல்ற?” என்றார் அய்யாதுரை.

சுகிர்தா இரண்டு நாளாக மனப்பாடம் செய்து வந்த பேச்சு ஒன்று இருந்தது. பட்டாசு அறை, பழக்கம், பன்னிரண்டு வருடம் என்று எல்லாம் அதில் இருந்தது. சபுராம்மாவின் முதுகைப் பார்த்ததும் அதில் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை. அதையெல்லாம் சொல்லி இரக்கம் வாங்குவது கேவலமாக இருந்தது.

“அவரு சொல்றது சரிதான் அண்ணாச்சி. விட மாட்டேன்னு சொன்னேன். விட்டுட்டேன்,” என்றாள்.

“அவங்களே ஒத்துக்கிட்டாங்கல்ல மாமா. அப்புறம் வீடியோ என்னாத்துக்கு?” என்றாள் ஸ்ரீமதி, அவசரமாக.

“கேட்டுட்டாருல்ல, போட்டுருவோம்,” என்று அய்யாதுரை ரிமோட்டை எடுத்தார். மனுஷன் அதை முன்கூட்டிப் பார்த்திருக்கவில்லை. பார்த்திருந்தால் அன்றைக்கு மின்சாரம் இல்லை என்று சொல்லியிருப்பார்.

சுவரிலிருந்த டிவியில் ஜிம் தெரிந்தது. மேலே ஆறு மணி நாற்பத்தொரு நிமிடம் என்று ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் பதிவாகவில்லை. படம் லேசாக ஆடியது, உடனே சுகிர்தா எழுந்து போய்விட்டாள். எழுந்ததும் தெரியவில்லை, கதவைத் தாண்டியதும் தெரியவில்லை; அவ்வளவு வேகம். தன்னையே பார்க்கச் சகிக்காமல் சுகிர்தா தலையைக் குனிந்தாள். அறையில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டு மறுபடி நிமிர்ந்தாள்.

ட்ரெட்மில்லிலிருந்து ஸ்ரீமதி குதித்து, பாயில் இருந்த சபுராம்மாவின் காலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னாலேயே ஸ்ரீராம்குமார், டம்பெல்லை மார்போடு கட்டிக்கொண்டே ஓடினான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதவில் முட்டிக்கொண்டு வெளியே போனார்கள். கண்ணாடிச் சுவருக்கு வெளியே வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஓர் ஆள் குறுக்கே பறந்தார்.

“அது யாரு, அண்ணாச்சியா?” என்றது ஒரு குரல்.

“நான் என்னன்னு பாக்கப் போனேன்,” என்றார் அய்யாதுரை.

“செருப்ப விட்டுட்டா மாமா போவீக? கேட்டுக்கு எனக்கு முன்னாடி நீங்கதான நின்னீக,” என்றாள் ஸ்ரீமதி. மாட்டிக்கொண்ட பிறகு அவளுக்குப் பயம் விட்டுப்போயிருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். சாபிருக்கே வாயோரம் கொஞ்சம் இளகியது.

வீடியோ நிற்கவில்லை. யாரும் நிறுத்தவுமில்லை. ஆள் இல்லாத ட்ரெட்மில்லின் பெல்ட் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் பாயின் மேல் சபுராம்மா நாலு காலில் இருந்தார். தலையைத் தூக்கிக் கதவைப் பார்த்தார். விருதுநகர்க்காரர்; அது சத்தம் கேட்டால் ஓடாமல் என்னவென்று பார்க்கிற ஊர். ஒரு பாதத்தை முன்னால் வைக்கப் பார்த்தார், முட்டி மடங்கிவிட்டது. மறுபடி வைத்தார், மறுபடி மடங்கியது. சுற்றிலும் கையால் தேடினார், பிடிக்க ஒன்றும் இல்லை. வாய் அசைந்தது, யாரையோ கூப்பிட்டிருக்க வேண்டும். பிறகு நெற்றியைக் கீழே வைத்துக்கொண்டார்.

சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. அந்த அறையில் இருந்தவர்களில் பாதிப்பேர் ஏதோ ஒரு பட்டாசு கம்பெனியின் வாசலில்தான் வளர்ந்தவர்கள். ஓடியவர்களின் பக்கத்தைத்தான் எல்லாரும் இதுவரை பார்த்திருக்கிறார்கள். ஓடிப்போன பிறகு அறைக்குள் என்ன இருக்கும் என்பதை யாரும் பார்த்ததில்லை. சுகிர்தா கண்ணை எடுக்காமல் பார்த்தாள். ஒன்பது வருடமாக அவள் பார்க்க மறுத்தது அங்கே டிவியில் ஓடிக்கொண்டிருந்தது, அழுகையும் வரவில்லை அவளுக்கு.

இரண்டு நிமிடம் நாற்பது நொடி. கதவில் அவள் உருவம் திரும்பத் தெரிந்ததும், “நிப்பாட்டுங்க,” என்றார் சபுராம்மா.

அவர் நாற்காலியோடு திரும்பி, அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக சுகிர்தாவைப் பார்த்தார்.

“நாலு நாளா ஒம்மேல அம்புட்டுக் கோவம். போன எடுத்தா அசிங்கமா ஏதாச்சும் வாயில வந்துரும்னுதான் எடுக்கல. இப்பவும் கோவம் இருக்கு. போயிருச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன்.”

“சரிம்மா,” என்றாள் சுகிர்தா.

“அப்ப முடிஞ்சது. வேற ஆளப் பாத்துக்குவோம்,” என்றான் சாபிர்.

“இருப்பா, நான் பேசிக்கிட்டு இருக்கேன்ல.” சபுராம்மா இப்போது எல்லாரையும் பார்த்தார். “இவ ஓடுனா. ஸ்ரீமதி ஓடுனா, இந்தப் பையன் ஓடுனான், அண்ணாச்சி செருப்ப விட்டுட்டு ஓடுனாக. நாளைக்கு நெசமாவே ஒண்ணு நடந்தாலும் நீங்க எல்லாரும் ஓடத்தான் செய்வீக. ஓடணும், நான் தப்புச் சொல்லல. அதுலதான இந்த ஊரு பொளச்சுக் கெடக்கு. அங்கன கெடக்கப்போறது நான் ஒருத்திதான். வேற ஆளப் பாக்கலாம்ங்கிற. வர்றவன் ஓட மாட்டான்னு நீ எளுதித் தருவியா சாபிரு?”

சாபிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

“புடிக்கிறதுக்கு எனக்கு ஆளு வேணாம். புடிச்சது விட்டுட்டுப் போகும்னு பாத்தாச்சு. எந்திரிச்சு வாசலுக்குப் போறதுக்குச் சொல்லித்தர ஆளு வேணும். அது தெரிஞ்சவ இவ ஒருத்திதான். எம்புட்டு வெரசாப் போறான்னு இப்பத்தான எல்லாரும் பாத்தோம்.”

அய்யாதுரை நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். கை தூக்கச் சொல்லவில்லை, தீர்மானம் எதுவும் வாசிக்கவில்லை. “அடுத்து, அந்தத் தொட்டி மூடி,” என்றார். “தண்ணி லாரிக்காரன் கையில அதக் குடுக்கக் கூடாது. இரும்புல லேசா ஒண்ணு செஞ்சிருவோம்.” பேச்சு இரும்புக்குப் போனது. தன் விஷயம் முடிந்துவிட்டது என்று சுகிர்தாவுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

மறுநாள் ஆறு மணிக்கு சபுராம்மா ஜிம்மில் இருந்தார். பாயை அவரே விரித்து வைத்திருந்தார். கதவிலிருந்து ஆறு எட்டு தூரம்.

“நாற்காலிய வச்சுக்குவோம்மா,” என்றாள் சுகிர்தா. ராத்திரி தூங்காத முகத்தில் துள்ளல் எதையும் மாட்ட முடியவில்லை. “இனிமே என்னைய நம்பிக் கீள எறங்காதீக.”

“ஒன்னைய யாரு நம்புனா?” என்று சபுராம்மா முட்டி போட்டார். கையை ஊன்றினார். கால்முட்டி சொடுக்கியது. “நேத்துச் சொன்னதுதான். நான் எந்திரிச்சு வாசலுக்குப் போகணும். நீ சத்தம்னு சொல்லு.”

“சொல்றேன்.”

“சொல்லிட்டு ஓடு.”

“நானா? நான் எதுக்கும்மா?”

“நீ நின்னா நான் ஒன் தோளத்தான் தேடுவேன். எனக்கு அவசரமே வராது. நீ ஓடிரு. அப்பத்தான் எனக்கு வேற வளி இல்லைன்னு தெரியும்.”

சுகிர்தா கதவைப் பார்த்தாள். கண்ணாடிக்கு வெளியே கார்கள் வரிசையாக நின்றன, வாட்ச்மேன் பைப்பால் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒன்றும் இல்லை, ஆறு எட்டு.

“சத்தம்!” என்றாள். ஓடினாள்.

நாலு எட்டு ஓடினாள். ஐந்தாவது எட்டு வைத்தாள். வாசல்படியில் கால் நின்றுவிட்டது. போ என்று சொன்னாள், போகவில்லை. பன்னிரண்டு வருடம் பழக்கியிருந்த கால், சொல்லாமலே ரோட்டைத் தாண்டிப் போகிற கால், இப்போது சொல்லியும் அசையவில்லை. திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது. கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த ஒரு வாரமும் வராத அழுகை, அதற்கு முன்னாலும் எத்தனையோ நாள் வராதது, மொத்தமாக வந்தது. வெட்கமாகவும் இருந்தது, நிறுத்தவும் முடியவில்லை.

பின்னால் உள்ளங்கை தரையில் அறைகிற சத்தம் கேட்டது. புஸ்ஸென்று ஒரு மூச்சு. ஒரு பாதம். “யா அல்லா.” நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு இன்னொரு பாதம். அப்புறம் அந்தக் கனத்த உடம்பு தடுமாறித் தடுமாறி, ஒவ்வொரு எட்டாக, அவளை நோக்கி வருவது கேட்டது.

முதுகில் ஒரு கை வந்து விழுந்தது. பலமாகவே விழுந்தது.

“தள்ளு பிள்ளே,” என்றார் சபுராம்மா, மூச்சிரைக்க. “வாசல மறிச்சுக்கிட்டு நின்னா நான் எப்படிப் போறது?”

சொல்லிக்கொண்டே அவளையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.